உப்பளத்தில் ஒரு பட்டன் போன்!

ஆபீஸில் இன்றைக்கும் யாராவது பட்டன் போன் வைத்திருக்கிறார் என்றால், அவர் மூன்று ரகத்தில் ஒருவராகத்தான் இருப்பார். ஒன்று, ரிடையர் ஆக ஆறு மாசமே பாக்கி இருக்கிற ஹெட் கிளார்க். இரண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மானேஜர் அனுப்புகிற வாட்ஸ்அப் மெசேஜிலிருந்து தப்பிக்கத் தெரிந்த புத்திசாலி. மூன்று, வீட்டுக்காரம்மா ‘லொகேஷன் போடுங்க’ என்றால், ‘நம்ம போன்ல அந்த வசதி இல்லியேம்மா’ என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்கிற பாக்கியசாலி!

ஆனால், சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் (எதற்காகப் போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை!) மரக்காணம் நெருங்கியதும் பஸ் ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். கண்ணாடி பதித்த மாதிரி பாத்திகள். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான், பழைய கிரேக்கக் கடல் வழிக் குறிப்பில் வருகிற சோபட்மா துறைமுகமும் இதுதான் என்று சரித்திர ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அத்தனை பழைய ஊர். அங்கே விடியற்காலையிலேயே இறங்கி உப்பு வாருகிறவர்களின் இடுப்பிலும் மடியிலும் செருகியிருப்பது பெரும்பாலும் பட்டன் போன்தான்.

காசில்லாததால் மட்டுமல்ல. உச்சி வெயிலில் உப்பின் மேல் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில் டச் ஸ்கிரீன் கறுப்புக் கண்ணாடியாகிவிடும். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அவ்வளவுதான்! போதாததற்கு, டச் ஸ்கிரீன் வேலை செய்வதே விரலில் இருக்கிற நுண்ணிய மின்தன்மையை வைத்து. உப்புத் தண்ணீர் சொட்டுகிற விரலை வைத்தால் அதற்குக் குழப்பம் வந்துவிடும். மகனைக் கூப்பிட்டால் மேஸ்திரிக்குப் போகும். பட்டன் போனில் அந்த வம்பு இல்லை. அமுக்கினால் அமுங்கும். சார்ஜ் மூன்று நாள், நாலு நாள் நிற்கும்.

மரக்காணத்தில் நண்பர் ஒருவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். எட்டுக்கு எட்டு ரூமில் ரீசார்ஜ், ரிப்பேர், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் உண்டு. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிற அடியேன், கணக்கு எழுதித் தருகிறேன் பேர்வழி என்று அந்தக் கடை ஸ்டூலில் அடிக்கடி உட்கார்ந்துவிடுவது வழக்கம். அங்கே வருகிறவர்களைப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. உப்பளத்துக்குப் போகிற அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போன் வாங்கித் தருவது, சென்னையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை பார்க்கிற பிள்ளைதான். அதாவது, நீங்கள்! வாங்கித் தருகிறீர்கள். ‘பச்சை எடுக்கிறதுக்கு, செவப்பு வைக்கிறதுக்கு’ என்று ஒரு வரி பாடம் நடத்திவிட்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள். மீதிப் பாடத்தை யார் நடத்துவது?

முதலில் கடையிலேயே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘இது 2ஜி போனா, 4ஜி போனா?’ பட்டன் போன் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். 2016-ல் வந்த ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்த சிம்மை சாதாரண 2ஜி போனில் போட்டால், சாமி இல்லாத கோயில் மாதிரி போன் சும்மா இருக்கும். அதே மாதிரி சில பட்டன் போன்கள் ஒரே கம்பெனி சிம்மைத்தான் ஏற்றுக்கொள்ளும். எந்த கம்பெனி டவர் உங்கள் ஊரில் எடுக்கிறதோ, அதற்குத் தகுந்த போனை வாங்குவதுதான் முறை. போனை வாங்கிவிட்டு டவரைத் தேடினால், அம்மா தினம் மொட்டை மாடி ஏற வேண்டியதுதான்.

கடையை விட்டு இறங்குவதற்கு முன் *#06# என்று அடியுங்கள். 15 இலக்கத்தில் ஒரு நம்பர் வரும். அதுதான் ஐ.எம்.இ.ஐ. பெட்டியில் இருப்பதும், பில்லில் இருப்பதும், ஸ்கிரீனில் வருவதும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு நம்பர் இருக்கும். KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், எந்த கம்பெனி, என்ன மாடல் என்று பதில் வரும். போன் தொலைந்துபோனால் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் இந்த நம்பரைக் கொடுத்து, எந்த சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாதபடி முடக்கலாம். 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இந்த வசதி உண்டு. ஆயிரம் ரூபாய் போனுக்கு இவ்வளவு தேவையா என்கிறீர்களா? போன் ஆயிரம்தான். அதற்குள் இருக்கிற சிம்தான் பாங்க் பாஸ்புக்கின் சாவி!

சிம் விஷயத்துக்கு வருவோம். இதுதான் உப்பளத்துக்கே உரிய தலைவலி.

சிம் வாங்க ஆதாருக்குக் கைரேகை வைக்கச் சொல்வார்கள். வருஷக்கணக்காக உப்பு வாரி, கூடை பிடித்து, உப்புத் தண்ணீரிலேயே ஊறின விரலில் ரேகை எங்கே இருக்கும்? அன்றைக்கு ஓர் ஆயா வந்தார். வலது கட்டை விரல், ஊஹூம். இடது, ஊஹூம். ஆள்காட்டி விரல், மோதிர விரல், ஒவ்வொன்றாய் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மெஷின் அசையவில்லை. கடைசியில் ஆயா மெஷினையே முறைத்துப் பார்த்து, “நான் இல்லாம வேற எவ வந்து நிக்கிறான்னு கேளு தம்பி அதை!” என்றாரே பார்க்கலாம்!

சிரிப்பாக இருக்கிறது. ஆனால், மோசடிக்காரர்கள் நுழைவது இந்தச் சந்தில்தான். முதல் தடவையே ரேகை பதிந்திருக்கும். ‘பதியலம்மா, இன்னொரு வாட்டி வைங்க’ என்று சொல்லி, இரண்டாவது ரேகையில் இரண்டாவது சிம் வாங்கிக்கொள்கிற எத்தர்கள் நாட்டில் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த சிம் எங்கேயோ போய், யாரையோ ஏமாற்ற உதவும். போலீஸ் தேடி வருவது ஆயா வீட்டுக்கு! ரேகை நிஜமாகவே பதியாத ஆளுக்கு, இது நிஜமா பொய்யா என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால்தான் கூட ஒருத்தர் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீனில் என்ன வந்தது என்று பார்க்க வேண்டும்.

நேற்றுவரை நடந்ததற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒருத்தர் பேரில் அதிகபட்சம் 9 சிம் இருக்கலாம் என்பது விதி. எத்தனை இருக்கிறது என்பதை அதே சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். அம்மாவின் நம்பரைப் போட்டால் அவர் போனுக்கு ஓ.டி.பி. வரும். அதை அடித்தால் அவர் பேரில் இருக்கிற இணைப்புகள் வரிசையாய் வரும். சம்பந்தமில்லாத நம்பர் இருந்தால், ‘இது என் நம்பர் இல்லை’ என்று அங்கேயே புகார் செய்யலாம். ‘ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லிக் கொடுத்துட்டு நாமளே போன்ல கேக்கிறதா?’ என்று யோசிக்கிறீர்கள் இல்லையா? கேட்காதீர்கள். நேரில் போங்கள். அம்மா கையால் மீன் குழம்பும் கிடைக்கும்!

சிம்மைப் போட்டாயிற்று. இனி செட்டிங். முதலில் மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள். அப்புறம் தேதி, நேரம். பாட்டரியைக் கழற்றி மாட்டியதும் சில போன்கள் பிறந்த நாளுக்கே போய்விடும். ‘எப்போ போன் வந்துச்சு?’ என்று கேட்டால் பல வருஷத்துக்கு முந்தைய தேதியைக் காட்டும்.

பிறகு ஸ்பீடு டயல். படிக்கத் தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் கிடையாது. 2-ஐ அமுக்கிப் பிடித்தால் மகன், 3 மகள், 4 மேஸ்திரி என்று பதிந்து கொடுத்துவிடுங்கள். 1-ஐ விட்டுவிடுங்கள், அது பொதுவாக வாய்ஸ் மெயிலுக்கு. 5-ஐயும் 9-ஐயும் கூட விட்டுவைப்பது நல்லது. ஏனென்றால் 2017-லிருந்து இந்தியாவில் விற்கிற பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ அமுக்கிப் பிடித்தால் அவசர உதவிக்குக் கூப்பிட வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது. 112-க்குப் போகும். உங்கள் போனில் இரண்டில் எது என்று மேனுவலில் பாருங்கள். சொந்த கம்பெனி டவர் இல்லாத இடத்திலும், பக்கத்தில் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 அதைப் பிடித்துக்கொண்டு போகும்.

கடைக்கு வந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, “9-ஐ அமுக்குனா போலீஸ் வரும்ங்கிறே. என் வூட்டுக்காரி நம்பரை எதுல வெக்கிறது?” என்றார். “8-ல வைங்கய்யா” என்றார் நண்பர். “ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கே... தப்பி அமுக்கிட்டா?” “எதை அமுக்குனாலும் உங்களுக்கு அதே கதிதான்!” கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், பெரியவர் உள்பட.

பூட்டு இரண்டு உண்டு. ஒன்று, போனுக்கு. இன்னொன்று, சிம்முக்கு. போன் பூட்டை மட்டும் போட்டால், திருடினவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்கிக்கொள்வான். அதனால் பாங்க் கணக்கோடு சேர்ந்த நம்பர் என்றால் சிம் பின் போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். ஒன்றே ஒன்று ஜாக்கிரதை. மூன்று தடவை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு ‘பக்’ நம்பர் கேட்கும். அது சிம் கார்டு அட்டையில் இருக்கும் அல்லது கஸ்டமர் கேரில் கிடைக்கும். அதையும் பத்துத் தடவை தப்பாகப் போட்டால், சிம்முக்குக் கருமாதிதான். அட்டையைத் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு வையுங்கள்.

அடுத்தது ரீசார்ஜ். இதில் என் பி.காம். மூளை கொஞ்சம் கொதித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இன்டர்நெட்டே இல்லாத போனுக்கு, தினம் இத்தனை ஜி.பி. டேட்டா என்று பேக் போட்டுக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். பேசுவதற்கு மட்டும் தனியாக சரியான பேக் கிடையாது. பாத்தியே இல்லாதவன் தண்ணீர் வரி கட்டுகிற கதை! 2024 டிசம்பரில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பேக்கைக் கண்டிப்பாகத் தர வேண்டும், சிறப்பு பேக்குகள் 90 நாள் வரைதான் என்று இருந்ததை 365 நாள் வரை நீட்டலாம் என்று. 2025 ஜனவரியில் பெரிய கம்பெனிகள் அப்படிப்பட்ட பேக்குகளை வெளியிட்டன. கடையில் போய், ‘ரீசார்ஜ் பண்ணுங்க’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ‘டேட்டா இல்லாத வாய்ஸ் பேக் போடுங்க’ என்று சொல்லுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

ஒரு வருஷத்து பேக்காகப் போட்டுவிடுவது ஏன் நல்லது தெரியுமா? உப்பளத்துக்கு ஒரு காலண்டர் உண்டு. ஜனவரி வாக்கில் பாத்தியைச் சரிபண்ணி ஆரம்பித்தால், வெயில் காலம் முழுக்க உப்பு. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். கையில் காசு இருக்காது. முதலில் நிற்பது ரீசார்ஜ். பிரீபெய்டு நம்பரை 90 நாள் தொடர்ந்து உபயோகிக்கவே இல்லை என்றால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31. கூட்டிப் பாருங்கள், 92! மழை விட்டு உப்பளம் திறக்கும்போது நம்பர் போயிருக்கும். கொஞ்ச காலம் கழித்து அதே நம்பர் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்விடும். பாங்க் கணக்கில் பழைய நம்பர். ஆதாரில் பழைய நம்பர். வேலை இல்லாத மழைக்காலத்துக்கு என்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு சில வருஷங்களுக்கு முன் கொண்டுவந்தது. அந்தப் பணம் பாங்கில் ஏறினதும் வருகிற எஸ்.எம்.எஸ். யாருக்குப் போகும்? யோசித்துப் பாருங்கள்!

நம்பர் போய்விட்டது என்றால், புது நம்பரை முதலில் பாங்கில், அப்புறம் ஆதார் மையத்தில் மாற்றுங்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்வதெல்லாம் பிறகு. (சில சொந்தக்காரர்களுக்குச் சொல்லாமலே விடலாம், அது உங்கள் இஷ்டம்.)

இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். வருகிற போனுக்கும் காசு! இந்தச் சங்கதியைச் சொன்னதும் ஒரு மேஸ்திரி, அந்தக் காசுக்கு எத்தனை படி உப்பு என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பாதியிலேயே விட்டுவிட்டு, “அந்த ரேட்டுல பேசுறதுக்கு பஸ் புடிச்சு நேர்லயே போயி திட்டிட்டு வந்துடலாம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

இனிமேல்தான் முக்கியமான வில்லன் வருகிறார். உப்புத் தண்ணீர்!

நல்ல தண்ணீரில் விழுந்த போனாவது பிழைக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் உப்பு படிகிற பக்குவத்தில் இருக்கிற தண்ணீரில் அதைப்போல ஏழெட்டு மடங்கு. மின்சாரம் அதில் ஜோராகப் பாயும். பாட்டரி மாட்டியிருக்கும்போது அது உள்ளே போனால் போர்டில் இருக்கிற செம்புக் கம்பிகளைக் கண்ணெதிரிலேயே பச்சை பச்சையாய் அரித்துவிடும். அதனால், போன் பாத்தியில் விழுந்தால் ஆன் ஆகிறதா என்று அமுக்கிப் பார்க்கவே கூடாது. அந்த ஆசைதான் போனைக் கொல்கிறது. உடனே பின்மூடியைத் திறந்து பாட்டரியை எடுங்கள். சிம்மை எடுங்கள். பிறகு (சொன்னால் அடிக்க வருவீர்கள்) போனைக் குடிக்கிற நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள்! பாட்டரியை அல்ல, போனை மட்டும். உள்ளே இருக்கிற உப்பு போனால்தான் அரிப்பு நிற்கும். அப்படியே காயவைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு உள்ளேயே படியும். உப்பளத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டுமா என்ன! அலசின பிறகு உதறி, துணியால் ஒற்றி, நிழலில் ஃபேன் காற்றில் இரண்டு நாள் விடுங்கள். அடுப்பங்கரை, வெயில், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம்.

அரிசி மூட்டைக்குள் புதைக்கிற வைத்தியம் நம் ஊரில் பிரசித்தம். போன் நிறுவனமான ஆப்பிளே 2024-ல் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அரிசித் துணுக்கு உள்ளே போய் வேறு வியாதி வருமாம். அரிசியை வடித்துச் சாப்பிடுங்கள்.

விழாத போனுக்கும் உப்புக் காற்று உண்டு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிற மாதிரி, போனில் படிந்த உப்பும் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். வேலைக்குப் போகும்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படாமல் சாப்பாட்டுப் பையில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் பாட்டரியைக் கழற்றி, அந்தத் தங்க நிறப் பட்டைகளை பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்துத் துடைத்தால் போதும். ‘டவர் இல்ல, சார்ஜ் ஏறல’ என்று வருகிற போன்களில் பாதியை நண்பர் இந்த ரப்பராலேயே குணப்படுத்துகிறார். (அதற்குக் காசு வாங்குகிறாரா என்பது கணக்குப் பிள்ளையான எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்!)

மரக்காணத்தில் உப்பு நல்ல வார்த்தை. பாட்டரிக்கு மட்டும் அது கெட்ட வார்த்தை. பாட்டரி உப்பிப்போய், பின்மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டு நின்றால், ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி ஓட்டாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். குத்தவோ, நசுக்கவோ, குப்பையோடு கொளுத்தவோ கூடாது. கடையில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள். புதுசு வாங்கும்போது மேலே பி.ஐ.எஸ். முத்திரை, IS 16046 என்ற எண், R என்று ஆரம்பிக்கிற பதிவு எண் எல்லாம் இருக்கிறதா பாருங்கள்.

பெரிய கம்பெனிக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. 2007 ஆகஸ்டில் நோக்கியா, தன் பி.எல்.-5சி பாட்டரிகளில் ஒரு ஜப்பான் கம்பெனி செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள் சார்ஜ் செய்யும்போது அதிகமாகச் சூடாகலாம் என்று உலகம் முழுக்க அறிவித்தது. அப்போது நம் ஊரில் பட்ட பாடு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஜனங்கள் போனைத் தலைமாட்டிலிருந்து எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கினார்கள். அந்த பாட்டரியின் போலிகள் இன்றைக்கும் ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் கூட மலிவாகக் கிடைக்கின்றன. தலையணை அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஈரக்கையோடு சார்ஜரைத் தொடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது காதில் வைத்துப் பேசாதீர்கள். ஐம்பது ரூபாய் சார்ஜரில் 230 வோல்டுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பட்டன் போனுக்கு வைரஸ் வராது, மோசடி ஆப் ஏறாது, உண்மைதான். ஆனால் காது இருக்கிறதே! ‘உங்க நம்பர் ரெண்டு மணி நேரத்துல கட்டாகிடும், 9-ஐ அமுக்குங்க’ என்று ஒரு குரல் வரும். அப்படி டிராய் யாரையும் கூப்பிடுவதில்லை. ‘பார்சல் வந்திருக்கு, *401* போட்டு இந்த நம்பரை அடிங்க’ என்பான் இன்னொருத்தன். அடித்தால், உங்களுக்கு வருகிற அழைப்பெல்லாம் அவனுக்குத் திரும்பிவிடும். குரல் வழியாக வருகிற ஓ.டி.பி.யும் கூட! இந்த அக்கிரமம் அதிகமானதால் 2024 ஏப்ரலில் அந்த மாதிரி கோடு அடித்துத் திருப்புகிற வசதியையே நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. சந்தேகம் இருந்தால் *#21# அடித்துப் பாருங்கள், அழைப்பு வேறெங்காவது போகிறதா என்று காட்டும். ##002# அடித்தால் எல்லாம் ரத்து. பணம் போய்விட்டால் அழுதுகொண்டிருக்காமல் உடனே 1930. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு அதிகம். இந்த 1930-ஐ ஸ்பீடு டயல் 7-ல் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ‘யு.பி.ஐ. 123பே’ என்று தொடங்கிவைத்தது. ஒரு நம்பருக்குப் போன் போட்டு, குரல் சொல்கிறபடி பட்டனை அமுக்கினால் போதும். அந்த நம்பரை உங்கள் பாங்க் கிளையிலேயே கேட்டு வாங்குங்கள். யாரோ போனில் சொன்ன நம்பரை நம்பாதீர்கள்.

உப்பளத்தில் இடி இடித்தால் போனை அணைக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை என்னிடம் பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். மின்னலைப் போன் இழுப்பதில்லை. கண்ணுக்கெட்டின தூரம் மரமே இல்லாத சமவெளியில், நிற்கிற மனுஷன்தான் உயரமான பொருள். அதுதான் ஆபத்து. இடிச்சத்தம் கேட்டதும் போனை அல்ல, பாத்தியை விட்டுக் கிளம்புங்கள். தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள். வீட்டுக்குள் சார்ஜரில் மாட்டிய போனில் மட்டும் அப்போது பேசக் கூடாது, மின்னல் ஒயர் வழியாக வரும்.

புயல் என்றால் இந்தக் கரைக்குப் புதுசில்லை. 2011 டிசம்பரில் தானே. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. மரக்காணத்து உப்புப் பாத்திகள் வெள்ளத்தில் மூழ்கின. கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஸ்மார்ட்போன்கள் முதல் நாளே கண்ணை மூடிவிடும். முந்தின சாயங்காலமே முழு சார்ஜ் ஏற்றி, டார்ச்சையும் பாட்டையும் நிறுத்திவைத்தால் பட்டன் போன் நாலு நாள் தாங்கும். கால் போகவில்லை என்றால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். நெரிசலில் லாரி நுழையாத சந்தில் சைக்கிள் நுழைகிற மாதிரி அது நுழைந்துவிடும். டவரே படுத்துவிட்டால், போனில் எஃப்.எம். ரேடியோ இருக்கிறதே! சில மாடலில் அதற்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதையும் எடுத்து வையுங்கள்.

ஒரே ஒரு டெலிபோன் அழைப்பு என்ன செய்யும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26. புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்கிற மீனவர் கிராமம். அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் டி.வி.யில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் போட்டார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திவந்த தகவல் மையத்தில், மீனவர்களுக்கு அலை உயரம் சொல்ல ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து, அந்த மைக்கில் ஊரையே வெளியேறச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் பிழைத்தார்கள்.

ஃபெஞ்சல் ஓய்ந்ததும் நண்பர் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, கடை வாசலில் பலகை போட்டு, வருகிற போனுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றினாராம். நாற்பது போன், எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாடல். யார் போன் யாருடையது என்று தெரியாமல் ஒரே அடிதடி. பிளாஸ்திரி ஒட்டி அதில் பேர் எழுத ஆரம்பித்தார். ரேகை பதியாத அந்த ஆயா மட்டும் பேர் எழுத ஒத்துக்கொள்ளவில்லையாம்.

“என்னுதுக்கு இன்னாத்துக்குப் பேரு? மஞ்சக் கயிறு கட்டி வெச்சிருக்கேன் பாரு!”